நம் இல்லத்து இசைத்தட்டுகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 தமிழாசிரியனை மேடை ஏற்றினால் இலக்கியம் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட கட்டளையும் அதுவே. ஆயினும் இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைக் கேட்டலும் தொகுத்துக் காத்தலும் என்பதாகும். பண்டிதனுக்கும் இசைத்தட்டிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். ஒரு காலத்தில் யானும் அவ்வாறே நகைத்தவன். அந்நகைப்பிற்கு யான் கொடுத்த விலையைப் பின்னர்ச் சொல்வேன்.

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்றொரு பகுதி உண்டு. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் அதில் முறையே வகுத்துரைக்கின்றார். அடியார்க்குநல்லார் அதற்கு விரிவான உரை வரைந்துள்ளார். எல்லாம் இருந்தும் என்ன? அந்த யாழ் எவ்வாறு ஒலித்தது என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. புதுக்கோட்டைப் பகுதியைச் சார்ந்த குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கூறும் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் சுர வரிசைகளைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கின்றனர். கண் அதனைப் படிக்கின்றது. காதுக்கோ ஒன்றும் எட்டவில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூலும் பெருமுயற்சியால் விளைந்த நூல்கள். பழைய யாழிசை ஒரு நாழிகைப் பொழுதேனும் அப்பெரியோர்தம் செவியில் விழுந்திருக்குமாயின், அவர்தம் உழைப்பிற் பாதி குறைந்திருக்கும் அன்றோ? சொல்லை ஓலையிலும் கல்லிலும் காத்த நம் முன்னோர்க்கு ஒலியைக் காக்கும் கருவி வாய்க்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று.

அக்கருவி நம் காலத்திற்குச் சற்று முன்னரே கிடைத்தது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன், உருளையில் ஒலியைப் பதித்து மீட்டும் ஒலிக்கச் செய்யும் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்தார். பத்தாண்டு கழித்து, 1887ஆம் ஆண்டில், எமில் பெர்லினர் என்பார் உருளைக்கு மாறாகத் தட்டையான தகட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோன் முறைக்கு உரிமை பெற்றார். தமிழ் கற்றவர்க்கு 1887 மறக்கவொண்ணாத ஆண்டு. உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை அச்சேற்றி வெளியிட்டது அவ்வாண்டிலேதான். ஒருபால் அழியவிருந்த சொல்லுக்கு அச்சு வாழ்வளித்தது. மற்றொருபால் தோன்றியவுடன் மறையும் ஒலிக்குத் தட்டு வாழ்வளித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுந்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கின்றது.

நம் பாட்டன்மார் காலத்து இசைத்தட்டு எதனால் ஆனது என்பதை இளைஞர் அறிதல் நலம். அதன் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரந்து வைக்கும் பிசினே அது. அவ்வரக்கோடு கற்பொடியும் கரிப்புகையும் பஞ்சிழையும் கலந்து, சூட்டில் இளக்கி, அச்சில் வைத்து அழுத்தித் தட்டாக்கினர். பாரதத்து அரக்கு மாளிகை தீக்கு இரையானதை நீங்கள் அறிவீர்கள். அரக்குத் தட்டும் அவ்வாறே வெப்பத்திற்கு அஞ்சும். வெயில் பட்டால் வளையும். கைதவறி விழுந்தால் நொறுங்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்டுப் பாடும். அவ்வளவே அதன் கொள்ளளவு.

1902ஆம் ஆண்டில் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பெனியாரின் சார்பாகக் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்து சென்றார். 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. தென்னாட்டுப் பாடகரின் தட்டுகளும் அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வெளிவரலாயின. அக்காலத்துப் பெருவித்துவான்களுட் பலர் இவ்வியந்திரத்தின் முன் அமரத் தயங்கினர். தயங்காது முன்வந்தவருட் பலர் கோயிற் கலைமரபில் தோன்றிய மகளிரும் நாடக மேடைப் பாடகருமே. ஊரார் எந்த மகளிரைப் புறத்தே நிறுத்தினரோ அம்மகளிரின் குரலே தட்டின் வழியாக முதலில் வீடுகளினுள் நுழைந்தது. இதனை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

அவருள் ஒருவர் கோயம்புத்தூர் தாயி அம்மையார். அவர் 1917ஆம் ஆண்டில் மறைந்தார். பிரான்சு நாட்டு இசையறிஞர் மோரிஸ் தெலாஜ் என்பவர் 1912ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தவர். தாயி அம்மையாரின் தட்டில் ஒலித்த வள்ளலாரின் அருட்பாவை அடியாகக் கொண்டு, ராகமாலிகா என்னும் இசைப்பாட்டை அவர் தம் நாட்டு முறையில் இயற்றினார். வள்ளலார் திருவாக்கு கடல் கடந்து பாரிசு நகரத்தைச் சென்றடைய ஓர் அரக்குத் தட்டு தெப்பமாயிற்று. அத்தகைய தட்டு நம்மவர் வீட்டுப் பரண்மேல் தூசி படிந்து கிடக்கவுங்கூடும்.

தொடக்க காலத்தில் பாடுவோர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று உரத்துப் பாட வேண்டியிருந்தது. மெல்லிய ஓசை அதிற் பதியாது. 1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கியைக் கொண்டு மின்சாரத்தாற் பதியும் முறை வந்தது. அதனால் விளைந்த பெரும்பயன் ஒன்றைக் கூறுகின்றேன். வீணை தனம்மாளின் வாசிப்பு மிக மென்மையானது. சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வாசிப்பார். வந்தோர் அரவமின்றி அமர்ந்து கேட்பர். அவர் 1938ஆம் ஆண்டில் மறைந்தார். தம் முதுமையில் அவர் பதிந்த சில தட்டுகள் நமக்குக் கிடைத்துள்ளன. புனற்காலமாயின் அந்நுண்ணிசையை இயந்திரம் கேட்டிராது. எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில், தம் 27ஆம் வயதில் மறைந்தார். இன்று அக்குரலை நாம் அறிவது தட்டினால் அன்றி வேறு எதனால்?

இனி, கேட்கும் முறையைப் பற்றிச் சில சொல்வேன். தட்டில் உள்ளதே முழு இசை என்று மயங்கலாகாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் தோடி இராகத்தை நாகசுரத்தில் மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் பேராற்றல் படைத்தவர். அவருடைய தோடி இசைத்தட்டு அப்பெருங்கடலிலிருந்து முகந்த ஒரு செம்பு நீர். செம்பு நீரில் அலையைத் தேடினாற் காணோம். ஆயினும் கடலின் சுவை அதில் உண்டு. மேலும், மூன்று நிமிடத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் அனைத்தையும் அடக்க வேண்டியிருந்தமையால் பாடகர் சில இடங்களிற் காலத்தை விரைவாக்கினர், சிலவற்றை விட்டுவிட்டனர். அதனைக் கேட்டு, அக்காலத்தார் எப்பொழுதும் விரைந்தே பாடினர் என்று முடிவு கட்டுவது தவறு.

வேகத்தைப் பற்றி மற்றொரு செய்தி. இத்தட்டுகள் நிமிடத்திற்கு 78 சுற்று சுழல்வன என்பது பொதுவிதி. பழந்தட்டுகளோ எல்லாம் அவ்வேகத்திற் பதிந்தவை அல்ல. சில குறைந்த வேகத்திலும் சில கூடிய வேகத்திலும் பதியப்பெற்றன. உரிய வேகத்தினும் நூற்றுக்கு ஆறு பங்கு மிகுத்துச் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும். பாடியவர் குரலின் இயல்பே மாறிவிடும். ஆகவே கேட்பவர் முதலில் சுருதிப்பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு, குரல் இயற்கையாக ஒலிக்கும் வேகத்தை ஆராய்ந்து காண்டல் வேண்டும். ஏட்டிற்குப் பாடபேதம் பார்ப்பது போன்றதே இதுவும்.

ஒரு தட்டை மூன்று முறை கேளுங்கள். முதன்முறை கரகரப்பே காதில் விழும். இரண்டாம் முறை பாட்டுத் தெளிவாகும். மூன்றாம் முறை, பாடகர் எங்கே மூச்செடுத்தார், எந்தச் சொல்லில் நின்றார், பக்கவாத்தியம் எங்கே தாங்கியது என்பன புலப்படும். கல்வியை உரைத்த வள்ளுவர் கேள்விக்கு என்று தனி அதிகாரம் வகுத்திருக்கின்றார். கேட்டலும் பயின்று பெறுவதோர் ஆற்றலே.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய என் கதைக்கு வருகின்றேன்.

என் பாட்டனார் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். கடை வருவாயிலிருந்து மிச்சம் பிடித்து ஒரு கிராமபோன் பெட்டியும் தட்டுகளும் வாங்கியிருந்தார். இரவு கடையைப் பூட்டி வந்தபின் திண்ணையில் அமர்ந்து கேட்பாராம். தெருவாரும் வந்து அமர்வராம். அவர் மறைந்தபின் பெட்டியும் தட்டுகளும் பரண் ஏறின. எனக்குப் பதினாறு வயதிருக்கும். பழைய இரும்பு, பித்தளை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர் ஒருவர் தெருவில் வந்தார். இவற்றைக் கொடுக்கலாமா, வைத்திருக்கலாமா என்று பாட்டியார் என்னைக் கேட்டார். வீட்டில் அக்காலத்து மிகப் படித்தவன் யான் அல்லவா! ஓடாத பெட்டி எதற்கு, ஒழித்துவிடலாம் என்று யானே தீர்ப்புச் சொன்னேன். பெட்டிக்கு எடை போட்டு ஓர் எவர்சில்வர் தூக்கு வாளி கொடுத்தார். தட்டுகளுக்கு விலையே இல்லை. இலவசமாக அள்ளிச் சென்றார். ஊசி வைத்திருந்த சிறு தகரப் பெட்டி ஒன்றுமட்டும் பாட்டியாரின் கையில் தங்கியது. நாய்ப் படம் போட்ட அப்பெட்டியில் அவர் பொத்தான்களைப் போட்டு வைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. பாட்டியார்க்கு மூப்பினால் நினைவு தடுமாறியது. பெற்ற பிள்ளைகளின் பெயரும் மறந்தது. அந்நிலையிலும் மாலை வேளையில் ஒரு பாட்டின் முதல் அடியை முணுமுணுப்பார். அதற்கு மேல் வராது. திரும்பத் திரும்ப அதனையே பாடுவார்; பின்னர் என் முகத்தை நோக்கி, அடுத்த அடியைச் சொல் என்பதுபோற் காத்திருப்பார். பாட்டனார் அடிக்கடி கேட்ட தட்டு அது என்று என் தந்தையார் கூறினார். பாடியவர் யார்? அவர் அறியார். எந்தக் கம்பெனித் தட்டு? அறியார். சீட்டின் நிறம் சிவப்பு என்பதுமட்டும் அவர்க்கு நினைவிருந்தது. சுர ஞானம் உடையவர் சிலரிடம் பாடிக் காட்டினேன். பழந்தட்டு வைத்திருப்போர் சிலரைத் தேடிச் சென்று கேட்டேன். ஒரு சிறு குறிப்பேனும் இருந்திருந்தால் அவர்கள் எடுத்துக் கொடுத்திருப்பர். குறிப்பில்லை. பாட்டியார் அடுத்த அடியைக் கேளாமலே கண்மூடினார். நன்னூலை வரி பிறழாமல் ஒப்புவிக்கும் பண்டிதனுக்குத் தன் பாட்டிக்கு ஓர் அடி எடுத்துக்கொடுக்க இயலவில்லை. அந்தத் தூக்கு வாளி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. அதனைப் பார்க்கும்போதெல்லாம் யான் என்ன விற்றேன் என்பது நினைவிற்கு வருகின்றது.

அன்பர்களே! எறிந்தவன் ஒருவகைக் குற்றவாளி. பூட்டி வைப்பவன் மற்றொருவகைக் குற்றவாளி. தட்டுகளைத் திரட்டிப் பேழையில் அடுக்கி, தானும் கேளாமல், பிறரையும் கேட்கவிடாமல், எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பெருமை கொள்வாரும் உளர். அது தொகுத்தலன்று, பதுக்கல். ஐயர் அவர்கள் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது பெட்டியில் அடுக்குதற்கோ? படித்து, ஒப்புநோக்கி, பலர் கைக்கும் சேர்ப்பித்தற்கே அன்றோ? கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாள் முழுதும் பழைய அச்சு நூல்களைத் திரட்டினார். அவர் 1992ஆம் ஆண்டில் மறைந்தபின், அத்திரட்டே 1994ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. ஒரு தனி மனிதரின் ஆர்வம் நாட்டுக்குப் பொதுச்சொத்தானதற்கு அதுவே சான்று. மைக்கேல் கின்னியர் என்னும் ஆஸ்திரேலியர், கிராமபோன் கம்பெனியாரின் 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளுக்குப் பட்டியல் தொகுத்து 1994ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வேற்று நாட்டார் ஒருவர் நம் பாடகரின் தட்டுகளுக்கு எண்ணெண்ணாகக் கணக்கெழுத, நாம் நம் வீட்டுத் தட்டையே இன்னதென்று அறியாதிருத்தல் தகுமோ?

கைபேசியைத் தொட்டால் எல்லாப் பாட்டும் வருகின்றதே, தட்டு எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். பழம்பாட்டுகள் பலவும் அங்கே வந்தது எவ்வாறு? எவரோ ஒருவர் தம் வீட்டுத் தட்டைத் துடைத்து, சுழற்றி, படியெடுத்து ஏற்றியதனால் அன்றோ? ஏற்றப்படாதவை இன்னும் எத்தனை! ஏற்றியவற்றுள்ளும் பெயர் பிழைபட்டனவும் வேகம் பிழைபட்டனவும் பல. மூலம் இருந்தால்தான் பிழை திருத்தலாம்.

தட்டைக் காட்டிலும் விரைந்து காக்க வேண்டியது ஒன்றுண்டு. வானொலிக் கச்சேரிகளையும், கோயில் விழாவிலும் திருமணத்திலும் நிகழ்ந்த கச்சேரிகளையும் நம் தந்தையர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தனர். தட்டு அச்சுநூல் போன்றது. ஒருவரிடம் இல்லையேல் மற்றொருவரிடம் இருக்கும. வீட்டில் பதிந்த ஒலிநாடாவோ ஏட்டுச்சுவடி போன்றது. உலகில் அந்த ஒன்றே உண்டு. அதிற் பூஞ்சை படர்ந்தால் அக்கச்சேரி இரண்டாம் முறையும் முடிந்ததாகிவிடும்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஐந்து வேண்டுகோள்களை விடுக்கின்றேன்.

முதலாவது, பரணை ஒழிக்கும் நாளில் தட்டையும் ஒலிநாடாவையும் விற்காதீர்கள். வீட்டு முதியோரை அமர்த்தி, இது யாருடையது, எப்பொழுது கேட்டது என்று வினவி எழுதிக்கொள்ளுங்கள். தட்டை வாங்கிவிடலாம், அந்த முதியோர் போனபின் அச்செய்தியை எங்கே வாங்குவது?

இரண்டாவது, அரக்குத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல், புத்தகம்போல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தூசியை மென்மையான துணியாற் போக்குங்கள். சாராயம் கலந்த நீர்மம் எதனையும் தொடவிடாதீர்கள்; அரக்கு அதிற் கரையும்.

மூன்றாவது, பழைய பெட்டியில் ஒலிக்கச் செய்வோர் பக்கத்திற்கு ஒரு புதிய எஃகு ஊசி இடுங்கள். தேய்ந்த ஊசி வரியை உழுதுவிடும். புதிய சுழல்கருவியில் ஒலிக்கச் செய்வோர், அரக்குத் தட்டிற்கு உரிய பருத்த ஊசியையே பொருத்துங்கள். பின்னாளில் வந்த நீண்டநேரத் தட்டுகளின் நுண்ணூசி இதற்கு ஆகாது.

நான்காவது, ஒவ்வொரு தட்டிற்கும் குறிப்பு எழுதுங்கள். பாட்டு, பாடியவர், இராகம், தாளம், கம்பெனி, சீட்டில் உள்ள எண் ஆகியவற்றோடு, சீட்டிற்கு அருகில் தட்டின் மேனியிலேயே பொறித்துள்ள எண்ணையும் எழுதுங்கள். சீட்டுக் கிழிந்தாலும் அவ்வெண் அழியாது. அதனைக் கொண்டே பதிவு இன்னதென்று காணலாம். தட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பட்டியல்மட்டும் சங்கத்திற்கு வரட்டும்.

ஐந்தாவது, திங்களுக்கு ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் கூடிக் கேட்போம். முதியோர் கேட்டு நினைவு கூரட்டும், மாணவர் எழுதட்டும், இயந்திரம் அறிந்த இளைஞர் படியெடுத்து, உரிய குடும்பத்திற்கு ஒன்றும் சங்கத்திற்கு ஒன்றும் கொடுக்கட்டும். சட்டத்திற்கு அஞ்சுவோர்க்கு ஒரு சொல். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு நிற்கும். 1960ஆம் ஆண்டிற்கு முன் வெளியான தட்டுகளின் பதிவுரிமை இப்பொழுது கழிந்துவிட்டது. பாட்டை இயற்றியவரின் உரிமை வேறு. அதனைத் தனியே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். நம் சங்கம் பள்ளி மாணவர்க்கு உதவுகின்றது; ஏழைக் குடும்பத்தினர் திருமணத்திற்கு உதவுகின்றது. ஒரு குலம் தன் முன்னோர் எதனை உண்டனர், எதனை விற்றனர் என்று மட்டும் அறிந்தாற் போதாது. பகல் முழுதும் உழைத்துக் களைத்த அவர்கள் இரவில் எதனைக் கேட்டு மனம் நெகிழ்ந்தனர் என்பதனையும் அறிதல் வேண்டும்.

இன்று இல்லம் திரும்பியதும் பரணை ஒருமுறை பாருங்கள். வீட்டில் முதிய தாய்மார் இருப்பின், அவர்கள் இளமையிற் கேட்ட பாட்டு எது என்று கேளுங்கள். அவர்கள் முதலடியைச் சொல்லும்பொழுதே அடுத்த அடியையும் எழுதிக்கொள்ளுங்கள்.